அடிமைச் சிறுவன் ஏறிய மேடை

(நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



நமது கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கிறது. ஓட்டு வீட்டுத் திண்ணை ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாலை வகுப்பாகத் தொடங்கிய பணி, இன்று விடுதியாகவும் நூலகமாகவும் வளர்ந்து நிற்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பெற்ற கூலியிலிருந்து மாதந்தோறும் சந்தா கொடுத்த தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

சென்ற மாதம் விடுதி மாணவர் நால்வர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டனர். "ஐயா, தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் என்று சிலர் ஊர் ஊராகச் சென்று பேசுகிறார்கள். வறுமையில் பிறந்து, துன்பத்தை வென்று மேலே வந்ததாகச் சொல்கிறார்கள். கேட்கையில் உடம்பு சிலிர்க்கிறது. நாங்கள் பட்ட துன்பமும் குறைவில்லையே! நாங்களும் அப்படிப் பேச்சாளர் ஆக என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டனர். அன்று நாம் விடை சொல்லவில்லை. சிந்தித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். இன்று, இம்மேடையில், ஒரு மனிதரின் வரலாற்றைக் கொண்டு விடை சொல்ல முற்படுகிறோம்.

அவர் பெயர் பிரெடரிக் டக்ளஸ். அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்து, அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்தவர்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

1818ஆம் ஆண்டு, மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் அவர் பிறந்தார். எந்த நாளில் பிறந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆடுமாடுகளின் கணக்கோடு அடிமைகளின் கணக்கையும் எழுதி வைத்த காலம் அது. அடிமைப் பிள்ளைக்குப் பிறந்தநாள் எதற்கு என்று கருதிய உலகம் அது. நம் பாட்டன்மாரும் தம் பிறந்த ஆண்டைப் புயலடித்த ஆண்டு, பஞ்சம் வந்த ஆண்டு என்றே சொல்லிச் சென்றார்கள் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். தாயார் ஹாரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொரு பண்ணையில் உழைத்தார். பகலெல்லாம் வயலில் பாடுபட்டு, இரவில் நடந்து வந்து மகனுக்கு அருகில் படுத்துறங்கி, பொழுது விடியும் முன் திரும்பிச் செல்வார். இப்படித் தாயைக் கண்டது நான்கைந்து முறைதான். ஏழு வயதளவில் தாயார் இறந்தார். அடக்கத்திற்குச் செல்லவும் சிறுவனுக்கு வாய்ப்பில்லை.

ஆண்டு முழுவதற்கும் முழங்கால் அளவு முரட்டுச் சட்டைதான் உடை. காலணி இல்லை, போர்வை இல்லை. குளிர் தாங்காமல் தானியக் கோணியொன்றைத் திருடி, அதனுள் தலையை நுழைத்துக்கொண்டு மண்தரையில் உறங்குவார். பனியால் பிளந்த பாத வெடிப்புகளில், தாம் இப்போது எழுதும் பேனாவையே வைக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். சோளக்கூழை மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். பிள்ளைகள் சிப்பி ஓடுகளால் அள்ளிக் குடிக்கவேண்டும். விரைந்து குடித்தவனுக்கு வயிறு நிறையும். மற்றவனுக்கு அதுவும் இல்லை.

இளைஞர்களே! துன்பம் மட்டுமே ஒருவனைப் பேச்சாளனாக்கும் என்றால், அந்தத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பேச்சாளர்களாகியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவரே ஆனார். எப்படி ஆனார் என்பதே நாம் அறியவேண்டுவது.

ரொட்டிக்கு வாங்கிய எழுத்து

எட்டு வயதளவில் அவர் பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டிற்குப் பணிக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டு அம்மையார் சோபியா ஆல்டு, சிறுவனுக்கு எழுத்துகளையும் மூன்று நான்கு எழுத்துச் சொற்களையும் கற்பிக்கத் தொடங்கினார். அதை அறிந்த கணவர் உடனே தடுத்துவிட்டார். கல்வி கற்ற அடிமை அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். அருகில் நின்ற சிறுவன் செவியில் அச்சொல் விழுந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குச் செல்லும் வழி எதுவென்பதை அன்று அந்த எசமானரின் வாயிலாகவே அவர் அறிந்துகொண்டார்.

அதன்பின் கற்பிப்பார் இல்லை. கடைக்கு அனுப்பும்போதெல்லாம் ரொட்டித் துண்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பாடம் கேட்பார். கப்பல் கட்டும் தளத்தில் மரங்களின்மேல் தச்சர்கள் குறித்து வைத்த அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். மதிற்சுவரும் நடைபாதையும் அவருக்குப் பலகை. சுண்ணக்கட்டி அவருக்கு எழுதுகோல். எசமானரின் மகன் எழுதி முடித்துத் தூக்கியெறிந்த ஏடுகளின் இடைவெளிகளில் அவர் தம் எழுத்தை எழுதிப் பார்த்தார்.

பன்னிரண்டு வயதளவில், பிறருடைய காலணிகளைத் துடைத்துச் சேர்த்த 50 சென்ட் காசைக் கொடுத்து ஒரு நூல் வாங்கினார். 'கொலம்பியன் ஆரேட்டர்' என்பது அதன் பெயர். 1797இல் முதலில் வெளிவந்த, பள்ளிப் பிள்ளைகளுக்கான சொற்பொழிவுத் தொகுப்பு அது. அதில் ஓர் எசமானருக்கும் அடிமைக்கும் இடையே நிகழும் உரையாடல் ஒன்று உண்டு. அடிமை எடுத்துரைக்கும் நியாயங்களுக்கு மறுமொழி கூற இயலாமல், எசமானர் அவனை விடுதலை செய்துவிடுகிறார். இதனை அச்சிறுவர் மீண்டும் மீண்டும் படித்தார். வாதத்திற்கு வலிமை உண்டு, சொல்லுக்குச் சங்கிலியைத் தளர்த்தும் ஆற்றல் உண்டு என்ற எண்ணம் அப்போது அவருக்குள் விதையாக விழுந்தது.

பேசுமுன் கற்பித்தவர்

1834இல் அவர் கோவி என்பவரிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டார். அடங்காத அடிமைகளை அடித்து அடக்கித் தருவதில் பெயர் பெற்றவர் அவர். வாரந்தோறும் சவுக்கடி. மனம் உடைந்து, படிக்கும் விருப்பமும் அற்றுப்போன நாட்கள் அவை. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், பதினாறு வயது இளைஞர் எதிர்த்து நின்றார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராட்டம் நடந்தது. அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை.

அடுத்து வேறொரு பண்ணைக்குச் சென்றபோது அவர் செய்த செயல்தான் ஆசிரியர்களாகிய எங்கள் நெஞ்சைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாக ஒரு பள்ளி நடத்தினார். நாற்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் அங்கே எழுத்துக் கற்றனர். பிடிபட்டால் முப்பத்தொன்பது கசையடி என்பது அனைவர்க்கும் தெரியும். தெரிந்தே வந்தனர்; தெரிந்தே அவர் கற்பித்தார். பெரிய மேடை எதையும் காணுமுன்னரே, தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் கொடுத்துப் பழகிய வாய் அவர் வாய்.

மீண்டும் பால்டிமோருக்கு வந்து, கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் தொழிலைச் செய்தார். பெற்ற கூலியை எசமானரிடம் கொடுக்கவேண்டும். அந்நாட்களில் உரிமை பெற்ற கறுப்பின இளைஞர்கள் சிலர் தமக்குள் ஒரு சிறு மன்றம் வைத்துச் சொற்போர் நடத்தி வந்தனர். அடிமையான இவரையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். அங்குதான் அவர் எதிர்க்கருத்துக்கு விடை சொல்லப் பயின்றார். நம் நூலக அறையைவிடச் சிறிய இடத்தில் கூடியிருந்தாலும், அம்மன்றம் செய்த பணி பெரிது.

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை அணிந்து, நண்பர் ஒருவரின் சான்றிதழை இரவல் பெற்று, இரயிலிலும் படகிலுமாக அவர் தப்பி நியூயார்க் நகரை அடைந்தார். வழிச்செலவிற்கு உதவியவர் அன்னா மர்ரி என்னும் பெண்மணி. வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தைக் கொடுத்தார். தம் மெத்தையையும் விற்றார் என்று அவர்கள் மகள் பின்னாளில் எழுதியுள்ளார். அவரையே டக்ளஸ் மணந்தார். பின்னர் கணவர் ஊர் ஊராகப் பேசச் சென்ற காலத்தில், காலணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவரும் அன்னாவே. மேடையில் ஒருவர் பேசுகிறார் என்றால், மேடைக்குப் பின்னால் ஒருவர் உழைக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

நியூ பெட்போர்டு நகரில் குடியேறியபின் தாம் கற்ற தொழில் அவருக்குக் கிடைக்கவில்லை. கறுப்பர் ஒருவர் உடன் வேலை செய்தால் தாங்கள் வெளியேறுவோம் என்றனர் வெள்ளைத் தொழிலாளர். ஆகவே கரி அள்ளினார், மரம் அறுத்தார், பித்தளை வார்ப்படச் சாலையில் துருத்தி இயக்கினார். துருத்தி இயக்கும் இடத்தில் தம் கண் எதிரே உள்ள கம்பத்தில் செய்தித்தாளை ஆணியடித்து வைத்து, கை உழைக்கக் கண் படித்தது.

நடுங்கிய கால்கள்

1841 ஆகஸ்டில், நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் கூட்டம் ஒன்று நடந்தது. இருபத்துமூன்று வயது டக்ளஸைப் பேச அழைத்தனர். கால் நடுங்க, நா தடுமாற, இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லவும் திணறியதாக அவரே எழுதியுள்ளார். ஆனாலும் பேசினார். கேட்டவர் உள்ளம் கொதித்தது. இயக்கத்தார் அப்போதே அவரைத் தங்கள் பேச்சாளராக அமர்த்திக்கொண்டனர்.

இங்கேதான், இளைஞர்களே, நீங்கள் கூர்ந்து கேட்கவேண்டிய இடம் வருகிறது.

அவரை அழைத்துச் சென்றவர்கள் நல்லவர்கள். அடிமை முறையை மெய்யாகவே வெறுத்தவர்கள். அவர்களே அவரிடம், தாம் பட்ட துன்பங்களை மட்டும் சொன்னால் போதும், கொள்கையை விளக்கும் வேலையைத் தங்களிடம் விட்டுவிடலாம் என்றார்கள். ஊருக்கு ஊர் அதே கதை, அதே சவுக்கு, அதே கண்ணீர். சில மாதங்களில் அவருக்கு அது சலித்தது. அவர் படித்துக்கொண்டும் சிந்தித்துக்கொண்டும் இருந்தார். கொடுமையை எடுத்துச் சொல்வதோடு நில்லாமல், அக்கொடுமை ஏன் நிகழ்கிறது, எந்தச் சட்டம் அதைத் தாங்குகிறது என்று ஆராய்ந்து பேச விரும்பினார். அவ்வாறே பேசினார்.

உடனே வேறொரு சிக்கல் எழுந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று மக்கள் ஐயுற்றனர். பேச்சில் கொஞ்சம் பண்ணை வாடை இருக்கட்டும், மிகவும் கற்றவர்போலத் தோன்ற வேண்டா என்று நண்பர்களே அறிவுரை கூறினர். அவர் அதற்கு இணங்கவில்லை. தம் சொல்லைத் தாழ்த்திக்கொள்ள மறுத்து, 1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். எசமானர் யார், எந்த ஊர், அடித்தவர் யார் என்று பெயர் சுட்டி எழுதினார். தப்பியோடிய அடிமை தன் அடையாளத்தைத் தானே வெளியிடுவது, தன்னைப் பிடிக்க வருவோருக்கு வழி காட்டுவதாகும். ஆகவே நாட்டைவிட்டு அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் செல்ல நேர்ந்தது. அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846இல் அவர் விடுதலையைச் சட்டப்படி பெற்றுத் தந்தனர்.

1847இல் திரும்பி வந்து, ராசெஸ்டர் நகரில் தமக்கென ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். 1848இல் செனகா பால்ஸ் என்னுமிடத்தில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுந்து பேசினார். 1852 சூலை 5ஆம் நாள், நாட்டின் விடுதலை விழாவையொட்டிப் பேச அழைத்தபோது, சங்கிலியில் கிடக்கும் அடிமைக்கு இவ்விழா என்ன பொருள் தரும் என்று அவையோரை நோக்கியே வினவினார். 1863இல், உள்நாட்டுப் போரில் கறுப்பின இளைஞர்கள் படையில் சேர அவர் அறைகூவல் விடுத்தபோது, அவர் மைந்தர் இருவர் முதலிலேயே சேர்ந்தனர். பிறர் பிள்ளையை அனுப்பச் சொன்ன வாய், தம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கறுப்பின வீரருக்கு ஊதியம் குறைவாகக் கொடுக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் லிங்கனையே நேரில் கண்டு முறையிட்டார்.

1865இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின்னும் முப்பது ஆண்டுகள், 1895 பிப்ரவரி 20ஆம் நாள் மறையும்வரை, அவர் பேசிக்கொண்டே இருந்தார். அன்று பகலிலும் பெண்கள் கூட்டமொன்றில் கலந்துகொண்டே வீடு திரும்பினார்.

நம் முன்னோரும் இவ்வழியினரே

இது ஏதோ கடல்கடந்த கதை என்று எண்ணவேண்டா. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்னும் நூலை எழுதியபோது, அடிமை ஒழிப்பிற்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலைக்கும் நம் மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைக் குறிப்பிட்டார். நம் தமிழ் மண்ணில் இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கினார். 1920இல் அண்ணல் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்'. வாயற்றோரின் தலைவன் என்பது அதன் பொருள். இவர்கள் எவரும் இரக்கத்தை வேண்டி மேடையேறியவர்கள் அல்லர். சட்டத்தையும் வரலாற்றையும் கற்று, வாதிட்டு, உரிமையைக் கேட்டவர்கள்.

எங்கள் பிழை

இனி எங்கள் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். வெள்ளி விழா மேடையில் புகழ் மட்டும் பேசினால் போதாது.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய பள்ளியில் ஆண்டுவிழா. நன்கொடையாளர் பலர் வருவதாக இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை ஆசிரியர்களாகிய நாங்கள் தேர்ந்தெடுத்தோம். தந்தையை இழந்தவன், தாய் செங்கல் சூளையில் வேலை. அவன் வறுமையை நாங்களே உரையாக எழுதிக் கொடுத்தோம். எந்த இடத்தில் குரல் தழுதழுக்கவேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தோம். அவன் பேசினான். அவையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். பள்ளிக்கு நாற்காலிகளும் மின்விசிறிகளும் கிடைத்தன.

மறு ஆண்டும் அவனையே அழைத்தோம். அவன் தலைகுனிந்து நின்று, "ஐயா, இந்த முறை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினேனே, அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டான். "அதைப் பிறகு பார்க்கலாம், போன ஆண்டு பேசியதையே பேசு" என்றோம். விழா நாளில் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன்பின் எந்த மேடையிலும் அவன் ஏறவில்லை.

டக்ளஸின் வரலாற்றைப் பின்னர் ஊன்றிப் படித்தபோதுதான், நாங்கள் செய்தது இன்னதென்று எங்களுக்கு விளங்கியது. நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். நல்லெண்ணம் உடையவர்களும் ஒரு பிள்ளையின் காயத்தைக் காட்சிப் பொருளாக்கிவிட முடியும். அவன் அறிவைக் கேட்க நாங்கள் காது கொடுக்கவில்லை.

விடை

ஆகவே, அந்த நான்கு மாணவர்களுக்கு நாம் சொல்லும் விடை இது. நீங்கள் பேச்சாளர் ஆகலாம், ஆகவேண்டும். உங்கள் துன்பத்தைச் சொல்ல வெட்கப்படவேண்டா, அது மெய். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அத்துன்பம் எதனால் வந்தது, யாரால் நிலைக்கிறது, எதனால் நீங்கும் என்று படித்தறிந்து பேசுங்கள். முயன்றால் முன்னேறலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறவர், முயன்றும் முன்னேற முடியாமல் தடுக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறார். டக்ளஸ் தம் முயற்சியையும் சொன்னார். தம்மைத் தடுத்த சட்டத்தையும் சொன்னார். இரண்டும் சேர்ந்ததே அவர் பேச்சு.

கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நூலகக் கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரச் சொற்பயிற்சி மன்றம் தொடங்குங்கள். பேசுவோர் அந்த வாரத்தில் படித்த ஒரு நூலையோ ஒரு சட்டத்தையோ பற்றிப் பேசட்டும். மற்றவர் மறுத்துக் கேள்வி கேட்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு அளியுங்கள். பெரிய மாணவர்கள் சிறியவர்களுக்கு வாரம் ஒருநாள் கற்பிக்கட்டும். நாற்பது பேருக்கு எழுத்துக் கற்பித்த பின்னரே டக்ளஸ் மேடை ஏறினார். நம் விழாக்களில் எந்தப் பிள்ளையையும் தன் வறுமையை ஒப்பிக்கச் சொல்வதில்லை என்று இன்றே முடிவு செய்யுங்கள். நன்கொடை குறைந்தால் குறையட்டும். தாய்மார்களின் சந்தாவில் வளர்ந்த கழகம் இது.

முதல் சனிக்கிழமையன்று கணக்கைப் பற்றிப் பேச யார் வருகிறீர்கள் என்று கேட்டு நாம் அங்கே காத்திருப்போம். அன்று அந்த மாணவனுக்கு மறுத்த காதை, இனி வரும் பிள்ளைகளுக்கேனும் கொடுக்க விரும்புகிறோம்.